வீட்டுக் காலண்டரில் டிரையத்லான்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே பந்தயத்தில் அடுத்தடுத்து முடிப்பதுதான் டிரையத்லான். அதைப் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது சைக்கிளைப் பற்றித்தான். என்ன விலையில் வாங்கலாம், எத்தனை கியர் வேண்டும் என்று. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைக் கழற்றி எடுத்து வாருங்கள் என்பேன். நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் பழகுவதற்கான நேரம் வானத்திலிருந்து வருவதில்லை. வீட்டில் இருக்கிற மற்றவர்களின் நேரத்திலிருந்துதான் வருகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இதைச் சரியாகச் செய்தவர்கள் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். செய்யாதவர்களின் சைக்கிள் ஆறு மாதத்தில் மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில் போய்விடுகிறது.

எனக்கு வீடு அவிநாசியில். வேலை திருப்பூரில், ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். முப்பத்தாறு வயதில்தான் நீச்சல் கற்றுக்கொண்டேன், முப்பத்தெட்டில் முதல் பந்தயம். கீழே எழுதியிருப்பது அந்த அனுபவத்தில் நின்று எழுதியது.

முதலில் வாரத்தை எண்ணுங்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நோட்டில் வேலை, போக்குவரத்து, உறக்கம் மூன்றையும் கழியுங்கள். எனக்கு வேலை 57, போய் வர 6, உறக்கம் 49. மீதி 56. கேட்க நிறையத் தெரியும். ஆனால் அதற்குள்தான் சமையல், துணி துவைப்பது, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், காய்கறிச் சந்தை, அத்தையை மருத்துவரிடம் அழைத்துப் போவது, உறவில் ஒரு கல்யாணம், ஒரு துக்கம் எல்லாம் இருக்கின்றன. இரண்டு வாரம் உண்மையாகக் குறித்துப் பார்த்தபோது, யாரையும் இழுத்துப் பறிக்காமல் எனக்குக் கிடைத்தது ஆறரை மணி நேரம். உங்களுக்கு நாலு வரலாம், எட்டும் வரலாம். வந்த எண்ணைக் கூட்டி எழுதாதீர்கள். இனி எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த எண்ணின் மேல்தான் நிற்கும்.

எந்தத் தூரம்?

டிரையத்லான் என்றதும் பலர் காதில் விழுவது அயர்ன்மேன் என்ற பெயர்தான். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 1978இல் ஹவாயின் ஓவாஹு தீவில் இது முதன்முதலாக நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். அதில் பாதித் தூரம் கொண்ட 70.3 போட்டி 2019 முதல் கோவாவில் நடக்கிறது. 70.3 என்பது மொத்தத் தூரத்தை மைலில் சொல்வது: 1.9 கி.மீ. நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். அலுவலகத்தில் யாராவது அந்தப் பதக்கத்தோடு படம் போட்டதும், நாமும் போய்விடலாம் என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அதற்கு வாரம் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முதல் வருடமே அதை எடுப்பது தவறு என்பது என் உறுதியான எண்ணம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட தூரம் 1.5 கி.மீ., 40, 10. அதற்கும் ஏழெட்டு மணி நேரம் வேண்டும். தொடக்கத்துக்குப் பொருத்தமானது ஸ்பிரிண்ட்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். வாரம் ஐந்து மணி நேரம் வைத்துப் பன்னிரண்டு வாரம் பழகினால் நல்லபடியாக முடிக்கலாம். நீச்சலே தெரியாதவர்கள் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால் இரண்டு மூன்று மாதம் நீச்சல் வகுப்புக்கு ஒதுக்குங்கள்.

பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, நாற்பதை நெருங்கினால் இ.சி.ஜி.யும். பெண்கள் ஹீமோகுளோபின் கட்டாயம் பார்க்க வேண்டும். 12க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகைக் கணக்கு. எனக்கு 9.8 இருந்தது. அதைச் சரிசெய்த பிறகுதான், படியேறினாலே மூச்சு வாங்கியது வயதினால் இல்லை என்று தெரிந்தது.

வீட்டில் பேசுவது

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "நாளையிலிருந்து காலையில் போகப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்புவது பேச்சாகாது. உட்கார்ந்து இவற்றைச் சொல்லுங்கள்: எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எந்தத் தேதியோடு இது முடியும், அந்த நேரத்தில் வீட்டில் நான் விடுகிற வேலையை யார் பார்ப்பது, பதிலுக்கு நான் எதை எடுத்துக்கொள்வது.

எங்கள் வீட்டில் அத்தைக்குத்தான் பயம். "இருட்டோட போகோணுமா அம்மிணி? நாயி கீயி தொரத்துனா என்ன பண்ணுவே?" என்றார். அது நியாயமான கேள்வி. "வெளிச்சம் வந்ததுக்கப்புறந்தானுங்க அத்தை கெளம்புவேன். சேவூர் ரோட்டுலதான் போவேன், பாலத்துக்கிட்ட போனதும் போன் பண்றனுங்க" என்றேன். இன்றுவரை அந்த போனைத் தவறவிட்டதில்லை. வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த நாளு, எத்தன மணிக்கு வருவே, அத மட்டும் முன்னாடியே சொல்லிப்போடு." தறிக்கு ஆள் வருகிற நேரத்தில் பிள்ளைகளையும் அவரே கிளப்ப வேண்டியிருந்தால் அவருக்குத் திண்டாட்டம். ஆகவே செவ்வாயும் ஞாயிறும் அவர் பொறுப்பு, மற்ற நாட்கள் என் பொறுப்பு என்று பிரித்தோம். பதிலுக்கு வெள்ளிக்கிழமை மாலை முழுக்க அவருடையது. அவர் நண்பர்களைப் பார்க்கப் போகலாம், தூங்கலாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிது. ஏழு மணி என்றால் ஏழு மணி. இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிடலாம் என்று கால் சொல்லும், கேட்காதீர்கள்.

முதல் வருடம் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். சனி இரவே தெரியும். இருந்தும் நீண்ட சைக்கிள் நாளை விட மனமில்லாமல் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது சின்னவள் பசியோடு அழுதுகொண்டிருந்தாள், அத்தை தனியாகக் கஞ்சி வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அன்றைய பயிற்சி ரத்து. யோசனைக்கே இடமில்லை.

காலண்டரில் குறிப்பது

இப்போது காலண்டர். பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணுங்கள். பயிற்சியைக் குறிப்பதற்கு முன்னால் வீட்டின் நாட்களைக் குறியுங்கள். பிள்ளைகளின் தேர்வு, தை, வைகாசி, ஆவணியில் அடுத்தடுத்து வரும் முகூர்த்தங்கள், ஊர் மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, குலதெய்வம் கோயில். நம் பக்கத்து முகூர்த்தம் விடிகாலையில், சீரோ முந்தின நாள் இரவே. அந்த இரண்டு நாளும் பயிற்சி இல்லை என்று இப்போதே கோடு போட்டுவிட்டால் பிறகு மனம் கிடந்து அடித்துக்கொள்ளாது. எங்கள் ஊரில் சித்திரைத் தேர் நடக்கும் நாட்களில் நான் எதையும் குறிப்பதில்லை. தேர் நிலைக்கு வரும்வரை வீடு முழுக்க ஒரம்பரைதான், உறவுக் கூட்டம்.

பன்னிரண்டு வாரத்தில் இப்படிக் கோடு போட்ட நாட்கள் பதினைந்தைத் தாண்டினால் அந்தப் பந்தயம் உங்களுக்கானதில்லை. வேறு தேதி பாருங்கள்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

என் வாரம் இதுதான். செவ்வாய் காலை நீச்சல் 45 நிமிடம். புதன் ஓட்டம் 40 நிமிடம். வியாழன் வீட்டிலேயே டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் தாங்கி) சைக்கிள் ஒரு மணி நேரம். சனி மறுபடி நீச்சல் 45. ஞாயிறு சைக்கிள் ஒன்றரை மணி நேரம், இறங்கியதும் 15 நிமிடம் ஓட்டம். திங்களும் வெள்ளியும் ஓய்வு. கூட்டினால் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு. நீச்சல் குளத்துக்குப் போக வர ஒவ்வொரு முறையும் ஐம்பது நிமிடம், அதையும் சேர்த்தால் என் ஆறரை மணி நேரம் தீர்ந்துவிடுகிறது. பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடுவதால்தான் பலருக்கு இரண்டாம் வாரத்திலேயே குளறுபடி வருகிறது.

மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், நாலாவது வாரம் பாதியாகக் குறையுங்கள். அந்த நாலாவது வாரத்தை வீட்டுக்குக் கொடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் பிள்ளைகளின் அம்மாயி (என் அம்மா) வீட்டுக்குப் போவது.

தவறிய பயிற்சியை மறுநாளுக்குத் தள்ளிச் சேர்க்காதீர்கள். புதன் போனால் போனதுதான். சேர்த்து ஓடினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், இல்லை வீட்டில் மனஸ்தாபம் வரும். ஒரு வாரத்தில் ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் புதன் ஓட்டத்தை விடுங்கள். நீச்சலை மட்டும் தொடர்ந்து இரண்டு முறை விடாதீர்கள், தண்ணீரோடு கிடைத்த பழக்கம் சீக்கிரம் போய்விடும். மாதவிலக்கு நாட்களில் குளத்துக்குப் போவது சிரமமாக இருந்தால் அந்த வாரம் நீச்சலை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். முதல் நாள் ஓய்வெடுத்தால் எதுவும் குறைந்துவிடாது.

நீச்சல்

நம் பக்கத்தில் பலர் நீச்சலைக் கிணற்றில் கற்றவர்கள். பாறையைக் குடைந்து வெட்டிய அகலக் கிணறு, ஓரத்தில் கல் படிகள், இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி, மேலே மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படிக் கற்றவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது, அது பெரிய சொத்து. ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலே இருக்கும். தலை தூக்கினால் இடுப்பும் காலும் தாழும், நூறு மீட்டரிலேயே மூச்சு முட்டும். ஆகவே கிணற்றில் நீந்தியவர்களும் குளத்தில் ஒரு பயிற்சியாளரிடம் பத்து வகுப்பாவது போக வேண்டும் என்பேன்.

கற்க வேண்டிய முதல் விஷயம் மூச்சு விடுவது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். பக்கவாட்டில் தலை திரும்பும்போது உள்ளே இழுக்க மட்டும்தான் நேரம் இருக்கும். தொடங்குகிறவர்கள் மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, தலை திரும்பியதும் விட்டு இழுக்கப் பார்ப்பார்கள். படபடப்பு அங்கேதான் வரும். ஒரு வாரம் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இதை மட்டும் செய்தாலும் நல்லது.

25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்றால் முப்பது நீளம். ஒரு நீளம் நீந்தத் தெரிந்ததும் இப்படி ஏற்றலாம்: முதல் வாரம் 25 மீட்டர் எட்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓய்வு. நாலாம் வாரம் 50 மீட்டர் எட்டு முறை. எட்டாம் வாரம் 100 மீட்டர் ஆறு முறை. பதினொன்றாம் வாரம் நிற்காமல் 750. வேகம் பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமை நீச்சலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவர்கள் சின்னக் குளத்தில் வகுப்பில் இருக்கும் 45 நிமிடம் உங்களுக்கு முப்பது நீளம். வரும் வழியில் இட்லிக் கடையில் நிறுத்தினால் அது குடும்பப் பொழுதும் ஆகிவிடும். பெண்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கும் குளங்கள் உண்டு, விசாரித்துச் சேருங்கள். முழுக்கை நீச்சல் உடை போட்டுக்கொண்டு நீந்துவதில் ஒரு சிரமமும் இல்லை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். திறந்தவெளியில் பழக வேண்டும் என்று வாய்க்காலில் இறங்காதீர்கள். கீழ்பவானியிலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்காலிலும் மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும், சரிந்த கரையில் பாசி பிடித்திருக்கும், ஏறக் கை பிடிக்க இடம் இருக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் அது கொண்டு போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் நிற்கிறது. பார்க்கும்போது மனம் நிறையும், ஆனால் அடியில் சீமைக்கருவேல முள்ளும் மண் அள்ளிய குழியும் இருக்கும். கிணறானாலும் தனியாக வேண்டாம். மீட்புப் படகோடு நடத்தும் பயிற்சி முகாம் கிடைத்தால் போங்கள். இல்லாவிட்டால் நீச்சல் குளத்திலேயே எட்டுக் கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்துப் பழகுங்கள். பந்தயத்தில் மிதவையைப் பார்த்துத் திசை பிடிக்க அது உதவும்.

சைக்கிள்

இருக்கிற சைக்கிளில் தொடங்குங்கள். பிரேக் பிடிக்கிறதா, சங்கிலி சுத்தமாக இருக்கிறதா, சீட் உயரம் சரியா என்று பார்த்தால் போதும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முதல் பந்தயத்தை நான் மகனுடைய கியர் சைக்கிளில்தான் முடித்தேன். பணத்தை ஹெல்மெட்டிலும் விளக்கிலும் போடுங்கள், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு.

எங்கே ஓட்டுவது? ஆறு வழிச் சாலையும் பைபாஸும் லாரிகளுக்கானவை. சேவூர், புளியம்பட்டி பக்கம், கோபி வாய்க்கால் கரையோரச் சாலைகள், பொள்ளாச்சியில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஆழியார் போகும் சாலை, இவையெல்லாம் ஞாயிறு விடியலில் அருமையாக இருக்கும். பனியன் கம்பெனி வண்டிகள் ஓட ஆரம்பிக்கும் முன் வீடு திரும்பிவிடுங்கள். ஆனைகட்டி, தடாகம், மருதமலை அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு. அங்கே நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான், அதுவும் கூட்டமாகத்தான். கொல்லிமலையின் எழுபது வளைவும் வால்பாறையின் நாற்பது வளைவும் ஆசைக்கு நல்லவை, ஸ்பிரிண்ட் பயிற்சிக்குத் தேவையில்லை.

காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று நம் மேல் வந்து மோதும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் முதலில் மேற்கு நோக்கிப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் போகும்போது பறப்பீர்கள், வரும்போது ஒரு மணி நேரம் ஒன்றரை மணி ஆகும், சொன்ன நேரத்துக்கு வீடு சேர முடியாது. எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காமல் கால் சுழலும் சீரை மட்டும் பாருங்கள்.

பஞ்சர் ஒட்டத் தெரியாமல் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் போகாதீர்கள். மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சின்ன பம்ப். வீட்டு முற்றத்தில் நாலு முறை கழற்றி மாட்டிப் பழகினால் பதினைந்து நிமிட வேலைதான்.

வார நாளுக்கு டிரெய்னர் பெரிய உதவி. பின்சக்கரத்தை அதில் மாட்டி வாசல் தாழ்வாரத்தில் ஓட்டலாம். பிள்ளைகள் தூங்கும் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. அடியில் பழைய ரப்பர் விரிப்பு போட்டால் சத்தம் அடங்கும். வேலைக்கே சைக்கிளில் போக முடிகிறவர்களுக்கு இன்னும் நல்லது, அந்த நேரம் ஏற்கெனவே உங்களுடையது.

ஓட்டம்

ஓட்டத்தில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான், வேகம். பக்கத்தில் ஒருவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். முடியாவிட்டால் குறையுங்கள். மூன்று நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து தொடங்கலாம். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது, மற்றவர்களுக்குப் பள்ளி மைதானம் போதும். காலுக்குப் பொருந்திய ஷூ வாங்குங்கள்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பழகுவதை பிரிக் என்பார்கள். முதல் முறை கால் சொன்னபடி கேட்காது. ஐந்தாறு நிமிடத்தில் அது சரியாகிவிடும் என்பதை உடம்பு தெரிந்துகொள்ளத்தான் ஞாயிறுதோறும் அந்தப் பதினைந்து நிமிடம்.

சாப்பாடும் உறக்கமும்

வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே பானை. உங்களுக்கென்று தனிச் சமையல் ஆரம்பித்தால் அது யாரோ ஒருவர் தலையில்தான் விழும். நம் சாப்பாடே போதும். அரிசிம்பருப்புச் சோறு நெய்யோடு, கம்மங்கூழ், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், முட்டை, தயிர். நீண்ட சைக்கிள் நாளுக்கு முந்தின இரவு அரிசிம்பருப்பு வைத்தால் வீடே சந்தோஷப்படும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும் பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர், கடலை மிட்டாய் ஒரு துண்டு. பந்தயத்தன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது.

காலை நாலே முக்காலுக்கு எழுகிறவர் இரவு ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். அப்படியானால் பாத்திரம் எட்டரைக்குக் கழுவியாக வேண்டும், போன் ஒன்பது மணிக்கு அடுத்த அறைக்குப் போக வேண்டும். முந்தின இரவு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியிருந்தால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காய்ச்சல் இருந்தால் எதுவும் வேண்டாம். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

வேலை நெருக்கும் நாட்களில்

ஷிப்மெண்ட் வாரம் என்றால் எங்களுக்கு இரவு பத்து மணிகூட ஆகும். அந்த வாரம் மூன்று நாள், இருபது இருபது நிமிடம், அவ்வளவுதான். ஒரு வாரம் குறைந்தால் உடம்பு மறந்துவிடாது. ஷிப்மெண்ட் தேதிகள் முன்பே தெரியும் என்பதால் நாலாவது இறக்க வாரத்தை அதன் மேலேயே விழும்படி வைத்துக்கொள்கிறேன்.

மில்லில் ஷிப்டு மாறி மாறி வருகிறவர்கள் கிழமையை வைத்துத் திட்டம் போட முடியாது. பகல் ஷிப்டு வாரம், இரவு ஷிப்டு வாரம் என்று இரண்டு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிப்டு முடிந்து நேராகச் சைக்கிள் எடுப்பது ஆபத்து. தூங்கி எழுந்து மாலையில் போங்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பால் கறவை, தண்ணீர் முறை, மும்முனை கரண்டு வரும் நேரம் எல்லாம் உண்டு. தை மாதத்திலிருந்து மஞ்சள் வெட்டு இருந்தால் அந்தக் காலத்தில் பந்தயமே வைத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்த முதுகுக்கு அன்றைக்கு ஓட்டம் தேவையில்லை.

மேலாளரிடம் பயிற்சி பற்றியெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பந்தயத்துக்கு முந்தின நாளும் அடுத்த நாளும் விடுப்பு வேண்டும் என்பதை மட்டும் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள்.

பந்தயத்துக்கு முந்தின வாரமும் அன்றும்

கடைசி வாரம் பாதிதான் பயிற்சி. மிச்ச நேரத்தில் பிள்ளைகளோடு முற்றத்தில் டிரான்சிஷன் பழகுங்கள். நீச்சல் முடிந்து சைக்கிளுக்கும், சைக்கிள் முடிந்து ஓட்டத்துக்கும் மாறும் இடம் அது. ஒரு துண்டை விரித்து வரிசையாக வையுங்கள்: ஹெல்மெட், கண்ணாடி, எண் கட்டிய பெல்ட், சாக்ஸ், ஷூ, தொப்பி. எங்கள் வீட்டில் பெரியவன் நேரம் பார்ப்பான், சின்னவள் தவறு பிடிப்பாள். சைக்கிளைத் தொடுவதற்கு முன் ஹெல்மெட் பட்டை மாட்டியிருக்க வேண்டும், சைக்கிளைத் திரும்ப நிறுத்திய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். குறித்த கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். பெரும்பாலான பந்தயங்களில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே ஒட்டி ஓட்டக் கூடாது. காதில் இயர்போன் கூடாது. இவற்றில் பிழை நேர்ந்தால் நேரம் கூட்டுவார்கள், சில சமயம் வெளியேற்றியும் விடுவார்கள்.

நீச்சலில் கூட்டத்தின் ஓரத்தில், கடைசி வரிசையில் நின்று தொடங்குங்கள். மூச்சு தடுமாறினால் மல்லாந்து படுத்து நாலு முறை இழுத்து விடுங்கள். கை தூக்கினால் படகு வரும்.

வீட்டார் வருகிறார்கள் என்றால் எங்கே நிற்பது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீச்சல் முடியும் இடத்தில் உங்களை அடையாளம் தெரியாது, எல்லார் தலையிலும் ஒரே நிறத் தொப்பி இருக்கும். ஓட்டம் திரும்பும் இடத்தில் நிழல் பார்த்து நிற்கச் சொல்லுங்கள், அங்கே உங்களை இரண்டு முறை பார்ப்பார்கள். அத்தைக்கு மடக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குத் தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு. முடிகிற நேரத்தைக் கால் மணி கூட்டியே சொல்லி வையுங்கள், தாமதமானால் பயப்பட மாட்டார்கள்.

பந்தயத்துக்கு அடுத்த வாரம் பயிற்சி கிடையாது. உடம்பு கேட்டால் சனிக்கிழமை பிள்ளைகளோடு குளத்தில் இருபது நிமிடம், அதுவும் விளையாட்டுக்கு. தள்ளிப்போட்ட பல் மருத்துவர், இவரோடு ஒரு சினிமா, அத்தை கேட்டுக்கொண்டே இருந்த பழனி எல்லாம் அந்த வாரத்தில் வையுங்கள். அடுத்த பந்தயம் வேண்டுமா என்ற பேச்சை அதற்கு அடுத்த ஞாயிறு, சாப்பிட்டு முடித்த பிறகு, காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாருமாகப் பேசுங்கள்.